வட்டைக்குள் இறங்கிச் செய்மதியைச் சரிபார்ப்பது எப்படி?

சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை மட்டக்களப்பு, அம்பாறை வானத்தைக் கடக்கின்றன. படம் இலவசம். கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் கணக்கொன்றைத் திறந்தால், வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள வயல்களெல்லாம் 10 மீற்றர் பிக்சல்களாக வீட்டுக் கணினிக்கே வந்து சேரும். அதிலிருந்து "இந்த வயலின் இலைப்பரப்புச் சுட்டி 3.2" என்று ஓர் இலக்கத்தை எடுப்பதும் கடினமில்லை. ஆனால் செய்மதி இலையை அளக்கவில்லை. நிலத்தில் பட்டுத் திரும்பிய ஒளியை அளந்தது. ஒளியை இலைப்பரப்பாக மாற்றியது ஒரு கணினி மாதிரியுரு. சம்மாந்துறை வயலையோ வவுணதீவு வயலையோ பார்த்து யாரும் அந்த மாதிரியுருவைச் செய்யவில்லை. 3.2 சரிதானா என்று தெரிய வேண்டுமென்றால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், வரம்பில் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக இந்த வேலையில் இறங்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கும் உதவும்படி இதை எழுதுகிறோம். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கருவி மட்டமாக இருந்து கெட்டுப்போன ஒப்பீடுகள் குறைவு. தரையில் அளந்ததும் செய்மதி பார்த்ததும் ஒரே பொருளாக, ஒரே இடமாக, ஒரே நேரமாக இல்லாமல் கெட்டவைதான் அதிகம். கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த மூன்றையும் பொருத்துவதற்கானவை.

எதை அளப்பது

முதல் முயற்சிக்கு நெல்லின் இலைப்பரப்புச் சுட்டியை எடுங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீற்றர் இலை நிற்கிறது என்பதே அந்தச் சுட்டி. கருவிக்குப் பெரிய பணம் வேண்டாம், நல்ல கைத்தொலைபேசிக் கமரா போதும். மண் ஈரலிப்பும் மேற்பரப்பு வெப்பநிலையும் இதைவிட வேகமாக மாறுபவை. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இலைப்பரப்பு என்று சொன்னாலும் அளப்பவர் எதை எண்ணுகிறார் என்பதில் வேறுபாடு உண்டு. பயிருக்குக் கீழே கருவியை வைத்து மேல்நோக்கி அளந்தால் இலை, தண்டு, பழுத்த இலை, கதிர் எல்லாமே ஒளியை மறைத்த பொருளாகக் கணக்கில் வரும். மேலிருந்து படம் எடுத்துப் பச்சையை மட்டும் பிரித்தால் பச்சைப் பகுதி மட்டுமே வரும். சென்டினல் படங்களைக் கையாளும் ஸ்னாப் என்ற மென்பொருளில் கிடைக்கும் சென்டினல்-2 சுட்டி இந்த இரண்டாவதற்குத்தான் கிட்டியது. கதிர் பழுக்கத் தொடங்கிய வயலில் கீழிருந்து அளந்துவிட்டு "செய்மதி குறைத்துக் காட்டுகிறது" என்று அறிக்கை எழுதுவோர் உண்டு. அங்கே செய்மதியில் குற்றமில்லை. வயலின் இலை பழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

களையும் பாசியும் இதே கணக்கில்தான் சேரும். செய்மதிக்கு நெல் எது, கோரை எது என்று தெரியாது. ஆகவே படத்தில் பச்சையாக உள்ள எதையும் நீக்காமல் விடுங்கள். ஆனால் பாசி படர்ந்த வயல் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறகு தரையையும் செய்மதியையும் ஒப்பிடும் வரைபில் அந்தப் புள்ளி கோட்டிலிருந்து விலகி நிற்கும்போது காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இடத்தைத் தெரிவு செய்தல்

சுட்டியைக் கணிக்கத் தேவையான செங்கரைப் பட்டைகளும் (சிவப்புக்கும் செந்நிறக்கீழுக்கும் இடைப்பட்ட ஒளி) குற்றலைச் செந்நிறக்கீழ்ப் பட்டைகளும் 20 மீற்றர் பிக்சலில் வருகின்றன. எனவே 20×20 மீற்றர் சதுரம் ஒன்றையே உங்கள் அளவுத் துண்டாகக் கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சதுரத்தைச் சுற்றியும் ஒரே மாதிரியான பயிர் வேண்டும். படத்தின் இடக்குறிப்பு சில மீற்றர் பிசகும். தொலைபேசியின் ஜீபிஎஸ் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீற்றர் வரை பிசகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் நீங்கள் நின்ற இடம் பக்கத்துப் பிக்சலுக்குள் போய்விடும். 60×60 மீற்றருக்குப் பயிர் ஒரே சீராக இருந்தால் இந்தப் பிசகு கேடு செய்யாது. 3,600 சதுர மீற்றர் என்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கல்லோயாத் திட்டத்து நீர்ப்பாசனக் காணிகளில் இப்படியான துண்டு கிடைப்பது சிரமமில்லை. நடுவே வரம்புகள் ஓடினாலும், ஒரே கிழமையில் ஒரே இனத்தை விதைத்த காணியென்றால் ஏற்றுக்கொள்ளலாம். வீட்டுத்தோட்டங்களுக்கு இடையே ஒதுங்கிக் கிடக்கும் சிறு வயல்களை விட்டுவிடுங்கள்.

தென்னை, மருதமரம், வாய்க்கால், கிறவல் வீதி ஆகியவற்றிலிருந்து துண்டின் நடு குறைந்தது 40 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். காலை பத்தரைக்குச் சூரியன் கிழக்கே நிற்பதால் மரநிழல் மேற்குப் பக்கமாக விழும். மரத்துக்கு மேற்கே உள்ள வயலென்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

வயலுக்குப் போகுமுன் கணினியிலேயே ஒரு சோதனை செய்யலாம். அதே போகத்தின் முந்திய படம் ஒன்றை எடுத்து, தெரிவு செய்த இடத்தின் நடுப் பிக்சலையும் சுற்றியுள்ள எட்டையும் பாருங்கள். சிவப்பு, செந்நிறக்கீழ் ஒளித் தெறிப்பிலிருந்து பச்சையைக் காட்டும் சுட்டியே என்.டி.வி.ஐ. ஒன்பதின் என்.டி.வி.ஐ. நியம விலகலைச் சராசரியால் வகுங்கள். பத்து வீதத்துக்கு மேலே போனால் அந்த இடம் வேண்டாம்.

எத்தனை துண்டுகள்? இருபதுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் நல்லது. ஆனால் எண்ணிக்கையைவிடப் பரவல்தான் முக்கியம். இருபதும் ஒரே வட்டையில் ஒரே வயதுப் பயிராக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும். அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. முந்தி விதைத்தது, பிந்தி விதைத்தது, உரம் கண்டது, வாடி நிற்பது என்று இலைப்பரப்புச் சுட்டி 0.5 முதல் 5 வரை பரவும்படி தேடி எடுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சில, சம்மாந்துறைப் பக்கம் சில, அக்கரைப்பற்றுப் பக்கம் சில என்று மண் மாறும்படியும் பாருங்கள்.

ஆள்கூற்று முறையில் கவனம் தேவை. சென்டினல் படம் யூ.டி.எம். 44 வடக்கு வலயத்தில் வரும்; மென்பொருளுக்குக் கொடுக்கும் அதன் இ.பி.எஸ்.ஜி. குறியெண் 32644. நில அளவைத் திணைக்களத்தின் புதிய எண்ணியல் வரைபடம் எஸ்.எல்.டி.99 முறையில் இருக்கும், குறியெண் 5235. பழைய காகித வரைபடங்கள் கந்தவளை என்ற பழைய அளவை ஆதாரத்தைக் கொண்டவை, குறியெண் 5234. மென்பொருளுக்கு எது எதுவென்று சொல்லாமல் எண்களை மட்டும் தட்டினால் உங்கள் துண்டு அடுத்த வட்டைக்குப் போய்விடும். அது ஒரு கிலோமீற்றர் விலகினால் கண்ணில் பட்டுவிடும். நூறு இருநூறு மீற்றர் மட்டும் விலகி வேறொரு வயலின் மேல் அழகாக உட்கார்ந்துவிட்டால்தான் ஆபத்து.

காணிக்காரரிடமும் வயல்வெளியின் பொறுப்பாளரான வட்டை விதானையாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கமநல சேவை நிலையத்தில் எந்தக் கண்டம் (வயற்பகுதி) எப்போது விதைத்தது என்ற விபரம் கிடைக்கும். துண்டைத் தெரிவு செய்ய அது பெரிய உதவி. மருந்து அடித்த வயலுக்குள் போத்தலில் சொல்லியிருக்கும் நாட்கள் கழியாமல் இறங்க வேண்டாம். பூக்கும் பருவத்தில் வயலை உழக்கித் திரிவதை எந்தக் கமக்காரரும் விரும்ப மாட்டார், அதில் நியாயமும் உண்டு. உன்னிச்சை, நவகிரிப் பக்கங்களில் யானை நடமாட்டம் உள்ளதால் விடியுமுன் தனியே போக வேண்டாம்.

நாளும் நேரமும்

சென்டினல்-2 நம் பக்கத்தைக் காலை பத்தரையை ஒட்டிக் கடக்கும். படத்தின் விபரக் கோப்பில் நேரம் உலக நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். செய்மதி கடக்கும் நாட்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அந்த நாட்களைச் சுற்றி வயல் வேலையை ஒழுங்கு செய்யுங்கள். இலைப்பரப்புக்கு மூன்று நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் மட்டம் வெடிக்கும் (பக்கக் கிளைகள் விடும்) பருவத்தில், உரம் போட்ட கிழமையில், அந்த மூன்று நாளே பெரிய வித்தியாசத்தைத் தந்துவிடும். அப்போது அதே நாளில் அளப்பது நல்லது.

இங்கே பருவம்தான் பெரிய சிக்கல். பெரும்போகத்தில் பயிர் வேகமாக வளரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை முகில் வானத்தை மூடிக்கொள்ளும். வரிசையாகப் பல தடவை செய்மதி கடந்தும் ஒரு தெளிந்த படமும் கிடைக்காமல் போகலாம். சிறுபோகத்தில் வானம் தெளிவு. ஆனால் சிறுபோகம் சேனநாயக்க சமுத்திரம், உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளத்து நீர் பாயும் காணிகளில்தான் நடக்கும். மானாவாரிக் காணிகள் அப்போது தரிசு. சிறுபோகத்தில் மட்டும் அளந்துவிட்டு, முடிவை மானாவாரியான முன்மாரி வயல்களுக்கும் பொருத்தக் கூடாது. முதல் தடவை சிறுபோகத்தில் பழகுங்கள். அடுத்த பெரும்போகத்தில் மாசிப் பக்கம் வானம் வெளிக்கும்போது பிந்தி விதைத்த மானாவாரி வயல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளித்த நாளிலும் பத்தரைக்குள் சிறு பஞ்சுமுகில்கள் கிளம்பத் தொடங்கிவிடும். வயலில் நின்று பத்தரைக்கு வானத்தைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு படத்தில் ஒரு பிக்சல் சந்தேகமாகத் தெரியும்போது அதுதான் சாட்சி.

வயலில் செய்வது

வேண்டிய பொருட்கள்: தொலைபேசி, இரண்டு மீற்றர் நீளமான இலேசான தடி, தொலைபேசியைத் தடியில் பிடிக்கும் கவ்வி, பாகைமானிச் செயலி, 30 மீற்றர் அளவு நாடா, நான்கு கம்பு, பென்சில், மழைக்கு நனையாத குறிப்பேடு. பேனை மை சேற்றில் கரைந்துவிடும்.

1. துண்டின் நடுவில் நின்று ஜீபிஎஸ்ஸை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டுச் சராசரி இடத்தைப் பதியுங்கள். உடனே கிடைக்கும் முதல் இலக்கத்தை எழுதிக்கொண்டு நகர வேண்டாம்.

2. நாடாவால் 20×20 மீற்றரைக் குறியுங்கள். ஒரு வரம்புப் பக்கத்திலிருந்து மட்டும் உள்ளே போய், ஒரே தடத்தில் திரும்புங்கள். மிதித்த பயிர் செய்மதிக்கும் தெரியும், காணிக்காரருக்கும் தெரியும்.

3. கமராவின் எச்.டி.ஆர்., அழகுபடுத்தும் வடிகட்டி, சூம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து நிலைப்படுத்துங்கள். இலை நுனிகள் வெளுத்துப் போனால் மென்பொருள் அவற்றைப் பச்சையாக எண்ணாது.

4. பயிரின் உச்சியிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் உயரத்தில், செங்குத்தாகக் கீழ்நோக்கும் திசையிலிருந்து 57.5 பாகை சரித்துப் படம் எடுங்கள். இந்தக் கோணத்துக்குக் காரணம் உண்டு. இலை நிமிர்ந்து நின்றாலும் சரி, கிடையாகக் கிடந்தாலும் சரி, 57.5 பாகையில் ஒளியை மறைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இனத்துக்கினம் இலை நிற்கும் விதம் மாறினாலும் கணக்கு மாறாது.

5. சதுரத்துக்குள் பரவலாக 12 முதல் 15 படம். நல்லாகச் செழித்த இடத்தைக் கண் தேடிப் போகும். அதற்கு இடம் கொடாமல் நான்கு நான்கு அடியாக எண்ணி நடந்து, நின்ற இடத்தில் எடுங்கள்.

6. ஒவ்வொரு துண்டின் முதற் படமும் துண்டின் இலக்கம் எழுதிய காகிதமாக இருக்கட்டும்.

உங்கள் நிழல் படத்துக்குள் விழக்கூடாது. வெயில் நேரடியாக அடிக்கும்போது கீழிலைகள் கறுத்து மண்ணோடு கலந்துவிடும். மெல்லிய முகில் சூரியனை மறைக்கும் நேரமோ காலை ஏழு, எட்டு மணியோ படத்துக்கு நல்லது. நீர் கட்டிய வயலில் இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீரில் இலையின் பிம்பம் தெரியும், மென்பொருள் அதையும் இலையென்று எண்ணும். இளம் பயிரில் இதன் பாதிப்பு அதிகம். எதிர்த் திசையில் திரும்பி நின்று எடுத்தால் பெரும்பாலும் குறையும்.

படங்களைக் கணிக்க, பிரான்சின் அவிஞ்ஞோன் ஆய்வாளர்கள் செய்த கான்-ஐ என்ற இலவச மென்பொருள் போதும். படத்தின் ஓரங்களில் கோணம் மாறிவிடுவதால் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். பச்சையில்லாத பகுதியின் பங்கை இடைவெளி என்று கொண்டால் கணக்கு இதுதான்: இடைவெளியின் இயற்கை மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, 0.93 ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி 0.10 என்றால் சுட்டி 2.5. 0.05 என்றால் 3.2.

இனி அதே கணக்கை அடர்ந்த பயிரில் பாருங்கள். இடைவெளி 0.02 என்றால் 4.2, 0.01 என்றால் 5.0. படத்தில் நூறில் ஒரு பங்கைப் பிழையாகப் பிரித்தாலே சுட்டி 0.8 அளவுக்குத் தாவுகிறது. நான்குக்கு மேலே போன வயல்களில் படமுறையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

சராசரி எடுக்கும் வரிசையும் விடையை மாற்றும். வீசி விதைத்த வயலில் ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் வெறுமை. ஒரு படத்தில் இடைவெளி 0.02, இன்னொன்றில் 0.30 என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சுட்டியைக் கணித்துப் பிறகு சராசரி எடுத்தால் 2.75. இடைவெளிகளை முதலில் சராசரியாக்கி (0.16) அதன்பின் சுட்டியைக் கணித்தால் 1.97. முதலாவது உண்மையான இலையளவுக்குக் கிட்டியது. இரண்டாவது, பயிர் ஒரே சீராகப் பரவி நிற்கிறது என்று வைத்துக் கணிப்பது. செய்மதியின் மாதிரியுருவும் அப்படியே எண்ணுவதால், ஒப்பீட்டுக்கு இரண்டாவதையே எடுங்கள். எதை எடுத்தாலும் அதை எழுதி வைக்க வேண்டும்.

வெட்டி அளந்து பார்த்தல்

படமுறையையும் ஏதாவதொன்றால் சரிபார்க்க வேண்டும் அல்லவா? ஐந்தாறு துண்டுகளில், காணிக்காரரின் சம்மதத்தோடு, அரை மீற்றர் சதுரச் சட்டம் போட்டு உள்ளே நிற்கும் பயிரை அடியோடு வெட்டுங்கள். நெல்லிலை வெட்டிய சில நிமிடத்திலேயே சுருளத் தொடங்கும். சுருண்ட இலையை அளந்தால் பரப்புக் குறைந்து வரும். அதனால் ஈரத் துணியில் சுற்றி, சொப்பிங் பைக்குள் இறுகக் கட்டி, நிழலில் கொண்டுபோக வேண்டும்.

எல்லா இலையையும் அளக்கத் தேவையில்லை. பச்சை இலைகளைத் தண்டிலிருந்து பிரித்து, அதில் ஒரு சிறு பங்கை வெள்ளை அட்டையில் விரித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, மேலே கண்ணாடி அழுத்திப் படம் எடுங்கள். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருள் பரப்பைத் தரும். பிறகு அந்தப் பங்கையும் மீதியையும் தனித்தனியே 70 பாகை செல்சியஸில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி நிறுங்கள். இரண்டு நாள் பொதுவாகப் போதும். சிறு பங்கின் பரப்பு 0.12 சதுர மீற்றர், உலர்நிறை 5.2 கிராம், மொத்த இலையின் உலர்நிறை 39 கிராம் என்றால், மொத்தப் பரப்பு 0.90 சதுர மீற்றர். சட்டம் 0.25 சதுர மீற்றர். சுட்டி 3.6.

படமுறைக்கும் வெட்டுமுறைக்கும் இடையே ஒரே பக்கமாக வித்தியாசம் தெரிந்தால், அதைத் தரை அளவீட்டின் நிச்சயமின்மையாகக் கணக்கில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

படத்தை எடுத்தல்

பதிவிறக்கும்போது எல்2ஏ மட்டத்தை எடுங்கள். வளிமண்டலத்தின் பாதிப்பு நீக்கப்பட்டது அது. அதோடு வரும் காட்சி வகைப்பாட்டுப் பட்டையில் 3, 8, 9, 10 ஆகிய இலக்கங்கள் முகில்நிழலையும் முகிலையும் குறிப்பவை. அவை விழுந்த பிக்சல்களைத் தள்ளிவிடுங்கள். அதோடு நிறுத்தாமல் படத்தை இயற்கை நிறத்தில் திறந்து கண்ணாலும் பாருங்கள். சிறு பஞ்சுமுகிலின் ஓரமும் மெல்லிய நிழலும் அந்த வகைப்பாட்டில் தப்பிவிடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அடுத்தது. 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் ஒவ்வொரு எண்ணிலும் 1,000 கூட்டப்பட்டிருக்கிறது. தெறிப்பு வீதத்தைப் பெற 1,000 ஐக் கழித்து 10,000 ஆல் வகுக்க வேண்டும். சிவப்பில் 1,400, செந்நிறக்கீழில் 4,600 என்று எண்கள் வந்தால், சரியான தெறிப்பு 0.04, 0.36, என்.டி.வி.ஐ. 0.80. கழிக்க மறந்தால் 0.14, 0.46, என்.டி.வி.ஐ. 0.53. செழித்த வயல் வாடிய வயலாகிவிடும். கூகிள் ஏர்த் எஞ்சினில் இதைச் சீராக்கிய தொகுப்பு தனியாக உண்டு. அதை எடுத்தபின் மறுபடி கழித்துவிடாதீர்கள்.

ஸ்னாப்பில் முதலில் எல்லாப் பட்டைகளையும் 20 மீற்றருக்கு மாற்றி, பிறகு ஒப்டிகல் பட்டியலில் உள்ள பயோபிசிக்கல் புறொசெசரை ஓட்டினால் இலைப்பரப்புச் சுட்டி வரும். கூடவே வரும் எச்சரிக்கைக் கொடிப் பட்டையை ஒதுக்காதீர்கள். விதைத்த ஆரம்பத்தில், நீர் கட்டிய வயலில், கொடி அடிக்கடி ஏறும். பயிருக்குப் பின்னால் மண் இருப்பதாகக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரியுருவுக்குக் கரும்நீர் பழக்கமில்லை. நீர் கட்டிய துண்டுகளையும் வடிந்த துண்டுகளையும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தால், நம் வயல்களில் இந்தத் தயாரிப்பு எங்கே பிழைக்கிறது என்பது வெளிச்சமாகும். இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள விடை அதுவாக இருக்கக்கூடும்.

நாசாவின் மோடிஸ் உணரி தருவது போன்ற 500 மீற்றர் தயாரிப்பைச் சரிபார்க்க விரும்பினால், துண்டின் இலக்கத்தை நேரே அதோடு ஒப்பிட வேண்டாம். அந்தப் பிக்சலுக்குள் வயலும் வீதியும் தோப்பும் கலந்திருக்கும். முதலில் துண்டுகளைக்கொண்டு சென்டினல் வரைபடத்தைச் சரிப்படுத்தி, அந்த வரைபடத்தை 500 மீற்றருக்குச் சராசரியாக்கி, அதன்பின் ஒப்பிடுங்கள். வாவிக் கரைப் பிக்சல்களைத் தொட வேண்டாம்.

கணக்குப் பார்த்தல்

புள்ளிகளை வரைந்து, தொடர்புக் குணகம் 0.9 என்று கண்டு மகிழ்ந்து நிறுத்துவது இந்தத் துறையின் பழைய வியாதி. எல்லா வயலிலும் செய்மதி சரிபாதிதான் காட்டினாலும் குணகம் 0.9 வரலாம். அதனால் மூன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: செய்மதி கழித்தல் தரை என்பதன் சராசரி, அதாவது கோடல், வித்தியாசங்களின் வர்க்க இடைமூலம், கோடலை நீக்கியபின் மிஞ்சும் வழு.

கோடல் −0.6, வர்க்க இடைமூலம் 0.9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 0.81 இலிருந்து 0.36 ஐக் கழித்து மூலம் எடுத்தால் 0.67; கோடல் நீங்கிய வழு இதுதான். இதிலும் ஒரு பங்கு உங்களுடையது. தரை அளவீட்டின் நிச்சயமின்மை 0.4 என்று வெட்டுமுறையில் கண்டிருந்தால், அதன் வர்க்கமான 0.16 ஐ 0.45 இலிருந்து கழியுங்கள். மூலம் 0.54. செய்மதியின் தலையில் போட வேண்டியது அவ்வளவே.

கோடு பொருத்தும்போது தரை அளவீட்டில் வழு இல்லை என்று கொள்ளும் சாதாரண முறை சாய்வைக் குறைத்துக் காட்டும். இரு பக்க வழுவையும் ஏற்கும் முறையொன்றைப் பயன்படுத்துங்கள். ஒரே துண்டை நான்கு தடவை அளந்தால் அது நான்கு சுயாதீனமான புள்ளிகள் ஆகாது. மாதிரியுருவைத் திருத்தப் பயன்படுத்திய வட்டையையே சரிபார்க்கவும் பயன்படுத்தினால் விடை எப்போதும் நன்றாகவே வரும். நவகிரியில் திருத்தினால் சம்மாந்துறையில் சரிபாருங்கள்.

மண் ஈரலிப்பு

வயலில் நீர் நிற்கும்போது மண் ஈரலிப்பை அளப்பதில் பொருளில்லை. அறுவடை முடிந்து வடிந்த வயலோ, கச்சானும் சோளமும் செய்யும் மேட்டு நிலமோ பாருங்கள். சென்டினல்-1 ராடார் நம் பக்கத்தைக் காலை ஆறு, மாலை ஆறு மணிகளை ஒட்டிக் கடக்கும். முகில் அதற்குத் தடையில்லை. ஆனால் இடையில் ஒரு மழையோ நீர்ப்பாய்ச்சலோ வந்தால் எல்லாம் மாறிவிடும். ஆகவே ஓரிரு மணிக்குள் அளக்க வேண்டும்.

5 சென்ரிமீற்றர் உயரமும் 5 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட உருக்கு வளையத்தை மேல்மண்ணில் செங்குத்தாக அடித்து, இரு முனையையும் கத்தியால் சமப்படுத்தி, மூடியுள்ள ரின்னில் போட்டு அன்றே நிறுங்கள். 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி நிறுங்கள். வளையத்தின் கனவளவு 98 கன சென்ரிமீற்றர். ஈரமண் 178 கிராம், உலர்மண் 150 கிராம் என்றால் நீர் 28 கிராம். கனவளவு ஈரலிப்பு 0.29. நிறைக்கு நிறை கணித்தால் 0.19 வரும். செய்மதித் தயாரிப்புகளில் பெரும்பாலானவை கனவளவில் இருப்பதால் இரண்டையும் குழப்பக் கூடாது.

மின்முனைக் கருவி வைத்திருந்தால் ஒரு துண்டில் 15, 20 இடத்தில் விரைவாகக் குத்திப் பார்க்கலாம்; ஆனால் அந்தந்த மண்ணில் வளைய முறையால் திருத்திய பிறகே. கரையோர உவர் நிலத்தில் உப்பு இந்தக் கருவிகளை ஏமாற்றி ஈரத்தைக் கூட்டிக் காட்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் திருத்தியதைப் படுவான்கரைக் களிமண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம். ராடார் எண்களைச் சராசரியாக்கும்போது டெசிபலில் (மடக்கை அளவில்) செய்யாமல், நேர் அளவுக்கு மாற்றிச் சராசரி எடுத்தபின் டெசிபலுக்குத் திரும்புங்கள்.

மண் ஈரலிப்பை அளக்கும் நாசாவின் ஸ்மாப் செய்மதியை இங்கே சரிபார்க்க நினைப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நினையுங்கள். அதன் அடிப்படைப் பிக்சல் 36 கிலோமீற்றர். அதற்குள் கடலும் வாவியும் புகுந்துவிடும்.

மேற்பரப்பு வெப்பநிலை

லாண்ட்சாட் 8, 9 ஆகியவற்றின் வெப்பப் பட்டை 30 மீற்றரில் தரப்பட்டாலும் உண்மையில் 100 மீற்றர் அளவில் எடுக்கப்பட்டது. எனவே ஒரே சீரான 300 மீற்றர் பரப்பு வேண்டும். குளத்து நீர்தான் பழகுவதற்குச் சுலபமான இடம்; அதன் வெப்பநிலை இடத்துக்கிடம் பெரிதாக மாறாது. கரையிலிருந்து 300 மீற்றருக்கு அப்பால் வள்ளத்தில் போய், செய்மதி கடக்கும் நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் முன்பின்னாக, காலல் திறனை (மேற்பரப்பு வெப்பக் கதிரை வெளிவிடும் விகிதம்) 0.98 இல் வைத்த செந்நிறக்கீழ் வெப்பமானியால் பல இடத்தில் அளவுங்கள். முதலை உள்ள குளங்கள் பல. உயிர்காப்பு அங்கியும் ஊர் வள்ளக்காரரும் இல்லாமல் இறங்க வேண்டாம். நீருக்குள் தோய்க்கும் வெப்பமானி காட்டுவது உள்நீரின் வெப்பநிலை. செய்மதி பார்க்கும் மேற்றோல் அதைவிடப் பாகையின் சில பத்திலொரு பங்கு குளிராக இருக்கும். கோடையில் குளம் வற்றும்போது கரை உள்ளே நகர்ந்துவிடும் என்பதால் இடத்தைப் புதிய படத்தில் பார்த்தே குறியுங்கள்.

பட எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின் வரும். 44,600 என்ற எண் 301.4 கெல்வின், அதாவது 28.3 பாகை செல்சியஸ்.

அறிக்கையில்

ஒவ்வொரு துண்டுக்கும் இடம், ஆள்கூற்று முறை, நாள், நேரம், இனம், விதைத்த நாள், நீர் நின்றதா, பாசி இருந்ததா, படங்களின் எண்ணிக்கை, சராசரி எடுத்த முறை, படத் தயாரிப்பின் பதிப்பிலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தள்ளிவிட்ட துண்டுகளையும் தள்ளிய காரணத்தோடு பட்டியலில் விடுங்கள். மூலப் படங்களை அழிக்க வேண்டாம். இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி கணிக்கலாம்.

உலகச் செய்மதி அமைப்புகளின் குழுவான சியோஸ், சரிபார்ப்பைப் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. முப்பதுக்குக் குறைவான இடங்களில் செய்தது முதலாம் படிநிலை. ஒரு மாவட்டத்தில் ஒரு போகத்தில் செய்ததை அந்தப் படிநிலை என்றே தலைப்பில் எழுதிவிடுங்கள்.